குறுக்கீட்டியல்: ஓர் அறிமுகம்

கட்டடம் ஒன்றைப் படம் எடுக்கப் போனவர் அந்தக் கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியதாக இதுவரை சான்று கிடைக்கவில்லை. கூடவே ஓர் ஆட்டோ வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் ஒரு கேபிள் ஒயர், ஒரு காகம், வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரியவர். அழைக்காமலே படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் இவற்றை இக்கட்டுரை ‘குறுக்கீடு’ என்று வழங்கும். இவற்றை முறைப்படி ஆராயும் துறை குறுக்கீட்டியல். இத்துறையில் நூல் எதுவும் இல்லை; துறையே இல்லை. ஆகவே முன்னோடி என்னும் பட்டத்தை இக்கட்டுரையாளர் தாமே எடுத்துச் சூடிக்கொள்ள நேர்ந்தது.

ஆய்வுக்களம், சென்னை. கருவி, மைத்துனர் துபாயிலிருந்து வந்தபோது இரவல் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத கேமரா ஒன்று. தரவு, ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழியும் படங்கள். எத்தனை என்ற கணக்கு இங்கே தரப்படவில்லை. எண்ணவில்லை என்பதே காரணம். ஆய்வு நெறியாளர், இக்கட்டுரையாளரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப அனுமதி தரும் அதிகாரம் அவரிடமே இருப்பதால் வேறொருவரை நியமிக்க வழியில்லை. முதல் வரைவைப் படித்துவிட்டு அவர், “யாருங்க அந்தக் கட்டுரையாளர்?” என்று கேட்டார். ஆகவே இனி ‘நான்’.

கருதுகோள் ஒன்றே. படத்தைப் பார்ப்பவர் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, சிலையைப் பார்ப்பதில்லை, குறுக்கீட்டைத்தான் பார்க்கிறார். இதை மறுப்பாரும் உளர். அவர்கள் படம் எடுக்காதவர்கள்.

முன்னோர் நிலை

குறுக்கீடே இல்லாத பொற்காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தின் தலைமகன் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையில் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் அரண்மனைகளையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டு வரிகளை விட்டுவிட மனமில்லாமல், 21 படங்களை வரிசையாக ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பனோரமா எடுக்கிறேன் பேர்வழி என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு அரைவட்டம் சுழல்பவர்கள் ஒரு கணம் நின்று அவரை நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஆய்வுக்கு நேரடி உறவுடைய செய்தி வேறு. வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845இல் அமராவதியில் தோண்டி எடுத்த பௌத்தச் சிற்பங்கள் சென்னைக்கு வந்து கிடந்தன. டிரைப் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். 1859இல் அவை லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டன. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆக, சென்னையில் மியூசியப் பொருளைப் படம் எடுக்கும் வழக்கத்துக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல். எனக்கு முன் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதை இந்த இடத்தில் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொள்கிறேன்.

டிரைப்பின் கோயில் பிரகாரங்களில் ஆளே இல்லை. திருவிழாக் காலம் இல்லை என்பதாலா? அன்று. அக்காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நிமிடம் ஆகும். அதற்குள் குறுக்கே நடந்துபோனவன் படத்தில் விழாமலே போய்விடுவான். நின்றது கல், நடந்தது காற்று. இன்னொன்றும் உண்டு. அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி உருகியது. அதனால் வானம் வெறும் வெள்ளையாக விழும். பர்மாவில் எடுத்த படங்களில் இந்தக் குறையைப் போக்க, டிரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். அவர் இல்லாத மேகத்தைச் சேர்த்தார். நான் இருக்கிற ஒயரை அழிக்கிறேன். இருவரும் ஒரே தொழில்தான் என்று நெறியாளரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கீரை ஆய்ந்தார்.

டிரைப் முறையை மீட்டெடுக்க ஒரு பரிசோதனை

பழைய முறையை இன்று செய்து பார்க்க வழி இருக்கிறது. லென்ஸ்முன் கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகினால் வெளிச்சம் குறையும். கேமரா முப்பது நொடிவரை கண் திறந்திருக்கலாம். அந்த முப்பது நொடியில் நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் போகிறவர் எல்லாரும் கரைந்துவிடுவார்கள். கட்டடம் மட்டும் மிஞ்சும். இது ஏட்டில் இருப்பது.

ஒரு ஞாயிறு காலை ரிப்பன் மாளிகைக்கு எதிரே நடைபாதையில் ட்ரைபாடை விரித்தேன். 1913இல் திறந்த கட்டடம். அக்கம்பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் செக்கச் செவேலென்று நிற்க, இது மட்டும் பால்போல வெள்ளை. கறுப்புக் கண்ணாடியைத் திருகினேன், ஷட்டரை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கில் ஒரு பெரியவர் வந்தார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, இடது கையில் இரண்டு பால் பாக்கெட். குறுக்கே நடந்து போயிருந்தால் கரைந்திருப்பார். போகவில்லை. லென்ஸுக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில் நின்றார்.

“என்னா சார், சர்வேயா?”

“இல்லைங்க ஐயா, போட்டோ.”

“மூணு கால் நிக்குதே. மெட்ரோவுக்கு அளக்கும்போது இப்படித்தான் நிறுத்துனாங்க. எங்க வீடு வால்டாக்ஸ் ரோடாண்ட. அந்தப் பக்கம் வருதா?”

“தெரியாதுங்க. நான் சும்மா கட்டடத்தை எடுக்கிறேன்.”

அவர் மெல்லத் தலையைத் திருப்பி ரிப்பன் மாளிகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கட்டடத்தைப் பார்த்தார். இதை ஏன் எடுக்க வேண்டும், ஓடியா போகப்போகிறது என்பது அந்தப் பார்வையின் பொருள் என்று உரை எழுதலாம். “எடு, எடு” என்று சொல்லிவிட்டு, எடுத்து முடியும்வரை அசையாமல் நின்றார்.

படத்தில் சாலையில் ஓடிய பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கூட்டம் இல்லை. மேகம்கூட இழுத்த பஞ்சாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவே பெரியவர் ஒருவர், பால் பாக்கெட்டில் பனித்திருந்த நீர்த்துளி தெரியுமளவு துல்லியமாக, தூண்போல் நிற்கிறார். முகம் மட்டும், கட்டடத்துக்கும் எனக்குமாகத் திரும்பியதில், கொஞ்சம் கலைந்திருக்கிறது.

முடிவு: நீண்ட நேரப் பதிவு முறை, மனிதர் நகர்ந்துகொண்டே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுந்தது. பாரிஸிலோ லண்டனிலோ அது பொருந்தலாம். சென்னையில் மூன்று கால் பொருள் ஒன்றைக் கண்டவர் நிற்பார். என்னை? நின்று பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்தது அந்தச் சாலையில் அப்போது வேறு இல்லை என்க.

திணைப் பாகுபாடு

தொல்காப்பியர் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்தார். குறுக்கீடுகளுக்கும் அதுவே போதும்.

உயர்திணைக் குறுக்கீடுகளுள் தலையாயவர் குனிந்து ஓடுபவர். நீங்கள் கண்ணில் கேமராவை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ‘பாவம், அவர் படத்தைக் கெடுக்கக் கூடாது’ என்னும் நல்லெண்ணத்தால், முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, ஒரு கையை முன்னே நீட்டியபடி குறுக்கே விரைபவர் இவர். நிமிர்ந்து நடந்திருந்தால் படத்தில் ஒரு வழிப்போக்கராக இருந்திருப்பார். குனிந்து ஓடியதால், நீதிமன்ற வாசலில் எதையோ எடுத்துக்கொண்டு ஓடுபவர்போல் பதிவாகிறார். மரியாதை நிறைந்த நாட்டில் கட்டடப் புகைப்படம் வளராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தவர், “தள்ளிக்கணுமா சார்?” என்று கேட்டு, பதிலை எதிர்பார்த்து அங்கேயே நிற்பவர். மூன்றாமவர் காதலர். இவர்கள் மியூசியத்தின் எல்லாக் கூடத்திலும் உளர். சிலையைப் பார்ப்பதில்லை, ஆனால் சிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இவர்களைப் பற்றி மேலும் எழுதுவது நாகரிகம் அன்று.

பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளை எத்திணையில் வைப்பது என்பது சிக்கல். உயர்திணை என்பாரும் உளர். ஆனால் ‘குழந்தை அழுதது’, ‘குழந்தை ஓடியது’ என்று அஃறிணை முடிபு கொடுப்பதே நம் வழக்கு. எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே இரட்டைச் சடையும் நீல ரிப்பனுமாக நாற்பது பேர் வரிசையை உடைத்துக்கொண்டு “அங்கிள், எங்களை எடுங்க அங்கிள்” என்று பாய்ந்தபோது, இலக்கணம் எவ்வளவு தொலைநோக்கு உடையது என்பது விளங்கியது.

அஃறிணைக் குறுக்கீடுகள்: ஒயர், ஆட்டோ, ஃப்ளெக்ஸ் பேனர், புறா, வெள்ளை நிறக் கார். பேனரில் சிரிக்கும் தலைவரின் பல்வரிசை பின்னாலிருக்கும் குவிமாடத்தைவிடப் பெரிதாக இருக்கும், அதற்கு மருந்தில்லை. ஆட்டோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சென்னையின் செங்கல் கட்டடங்களுக்கு ஆட்டோவின் மஞ்சள் அப்படியே பொருந்துகிறது. இதை நான் பல ஆண்டு மறைத்து வைத்திருந்தேன்.

இரண்டு திணைக்கும் பொதுவாய் நிற்பது விரவுத்திணைக் குறுக்கீடு. அதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

விரவுத்திணை, அல்லது கண்ணாடியில் நான்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. வெள்ளைக்காரத் துரைமாரும் சீமாட்டிகளும் ஒரு காலத்தில் நடனமாடிய பொது அரங்கம் அது. பாந்தியன் சாலைக்குப் பெயர் வந்த வழியும் அதுவே. நடனம் நின்று மியூசியம் வந்தது. பிறகு அதே மியூசியத்துக்கு ஆடவல்லான் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை ஒரு வெள்ளிக்கிழமை நேரில் போய் உறுதிசெய்துகொண்டேன்.

வாசலில் மனிதருக்கு ஒரு சீட்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு. கேமராச் சீட்டுக்கே விலை கூடுதல். என்னைவிட அது நன்றாகப் பார்க்கும் என்று யாரோ முன்கூட்டியே கணித்திருக்கிறார்கள்.

வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிவனுக்குக் கை இரண்டு, உமைக்கு ஒன்று. ஆக மூன்று கை. இந்தக் கணக்குப் பிசகை யாரும் பிசகாக உணராதபடி செய்துவிட்டான் அந்தச் சிற்பி. உமையின் பக்கம் இடுப்பு ஒடிந்து வளைகிறது. சிவன் பக்கம் அவ்வளவு வளைவில்லை. இரண்டும் சேரும் நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படாது.

என் படத்தில் அகப்பட்டது. கூரை விளக்கின் வெள்ளைக் கீற்று கண்ணாடிப் பெட்டியில் விழுந்து, சுவாமியை உச்சி முதல் பாதம்வரை ஸ்கேல் வைத்துப் பிரித்ததுபோல் சரிபாதியாகப் பிளந்திருந்தது. அதற்குப் பின்னால் மங்கலாக, கட்டம் போட்ட சட்டையுடன், முகத்துக்குப் பதில் கேமராவை வைத்துக்கொண்டு ஓர் உருவம். அது நான். மனிதன் என்றால் உயர்திணை. நிழல் என்றால் அஃறிணை. ஆகவே விரவு.

இதற்கு அறிவியல் ஒரு வழி சொல்கிறது. போலரைசர் என்னும் வளையத்தை லென்ஸில் மாட்டித் திருகினால் கண்ணாடிப் பிரதிபலிப்பு மறையும். நேருக்கு நேர் நின்றால் பலன் இல்லை. கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். இது இயற்பியல் விதி, மீற முடியாது. நானும் 56 பாகைக்கு விலகிப் போய் நின்றேன். விளக்குக் கீற்று மாயமாய் மறைந்தது. ஆனால் அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சிவன் மட்டும் தெரிகிறார். மறுபுறம் போனால் உமை மட்டும். பிரதிபலிப்பை நீக்கலாம், அல்லது அர்த்தநாரியைக் காணலாம். இரண்டும் சேர வராது. சைவ சித்தாந்திகள் இதற்கு ஆழமான விளக்கம் வைத்திருக்கக் கூடும்.

லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுப்பது இரண்டாவது வழி. ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது வழி கறுப்புச் சட்டை. கறுப்பு உடுத்தால் கண்ணாடியில் உருவம் விழாது. இது உண்மையிலேயே பலித்தது. ஆனால் அது கார்த்திகை மாதம். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, காலை நேரம், சுவாமி சிலைமுன் நெடுநேரம் அசையாத நிலை. பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து நின்றது. தாத்தா கைகூப்பி, “எத்தனாவது வருஷ மாலை சாமி?” என்று கேட்டார். விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பேரனை என் காலில் விழச் செய்துவிட்டார்கள். ஆசி வழங்கினேன், வேறென்ன செய்ய முடியும்? அந்தப் படம் மட்டும் சற்று அசைந்திருக்கிறது.

வேகமாக எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்கும். ஷட்டர் அதைவிட வேகமானால் மினுக்கம் பட்டையாக விழும். மெதுவாக எடுத்தால் சரியாகிவிடும். மெதுவாக எடுத்தால் கை ஆடும். கை ஆடாமலிருக்க ட்ரைபாட் வேண்டும். ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை. இதைத் தர்க்கநூலார் எதில் அடக்குவர் என்று தெரியவில்லை.

புகைப்படத்தின் ஆற்றலுக்கு ஒரு சான்று காட்ட வேண்டும். அதே மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் சென்னைக்கு வந்ததே இல்லை. சென்னை மியூசியத்து நடராசரைப் படங்களில் மட்டும் பார்த்தார்; பார்த்து 1913இல் அந்த ஆடலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் கட்டுரை கலையுலகில் நடராசரின் புகழைப் பரப்பியது. அது ஒருவர் எடுத்த படம். நான் எடுத்த படத்தைப் பெரிய மாமாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு, “ட்யூப்லைட் புதுசா போட்டிருக்கான் போல” என்றார்.

நெறியாளரின் மதிப்பீடு இன்னும் நுட்பமானது. அர்த்தநாரீசுவரர் படத்தை இரண்டு விரலால் விரித்து, விரித்து, சிவனைத் தாண்டி, உமையைத் தாண்டி, பின்னாலிருந்த நிழலில் போய் நின்றார். “சட்டையில மூணாவது பட்டன் இல்லை. இதோடயா மியூசியம் போனீங்க?”

கருதுகோள் இங்கே முதன்முறை மெய்ப்பிக்கப்பட்டது.

கட்டடமே குறுக்கீடு

இனிக் கூறப்போவது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு; ஆகவே சற்று நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கவும். சென்னையின் பெயர்பெற்ற கட்டடங்களில் ஏதோ ஒன்று இடைபுகுந்துவிட்டது என்று நாம் குறைபடுகிறோம். அக்கட்டடங்களே இடைபுகுந்தவைதாம்.

இந்தோ சாரசெனிக் என்று ஒரு பாணி. கூரையில் முகலாயக் குவிமாடம். ஜன்னலில் ஐரோப்பிய வளைவு. மாடத்தில் ராஜஸ்தானத்து வேலைப்பாடு. உள்ளே இங்கிலீஷ் கோப்பு. ஒவ்வொன்றும் மற்றொன்றின் சட்டகத்துக்குள் குனிந்து ஓடியிருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனை 1768இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுந்தது. நூறு ஆண்டு கழித்து ராபர்ட் சிஷோம் வந்து அதனுடன் ஒரு கோபுரத்தைச் சேர்த்தார். பக்கத்திலேயே 1874 முதல் 1879 வரை செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். அதில் பைசாண்டியச் சாயல் வேறு. எழும்பூர் மியூசிய வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும், 1909இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்து பின்னர் தேசியக் கலைக்கூடமான கட்டடமும் ஹென்றி இர்வின் வரைந்தவை. நூலகம் ஒரு முகம். கலைக்கூடமோ பதேபூர் சிக்ரியைப் பெயர்த்து வந்து பாந்தியன் சாலையில் இறக்கியதுபோல் மணற்கல்லில் நிற்கிறது. ஆக்ராப் பக்கத்து வாசல் எழும்பூரில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. என் படத்தில் ஓர் ஆட்டோ நின்றால் மட்டும் கேட்கிறார்கள்.

வரைந்தவர்கள் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். இவற்றில் பலவற்றைச் செங்கல் செங்கலாகக் கட்டி முடித்த ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம், கன்னிமாரா, கலைக்கூடம் எல்லாம் அவர் கை. சிவப்புச் செங்கலின் மூலைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெண்ணெய்க் கட்டியைக் கத்தியால் அரிந்ததுபோல் இருக்கும். என் கேமராவில் உருப்படியாக விழுந்தவை அந்த மூலைகள்தாம். அங்கே காகம் உட்கார இடமில்லை.

உயர் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். 1892இல் திறந்தது. இரண்டே ஆண்டில், 1894இல், அதன் உச்சிக் குவிமாடத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை ஏற்றிவிட்டார்கள். மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும் 1977வரை அது அங்கேயே எரிந்தது. அதற்கு முன் 1844 முதல் அந்தப் பணியைச் செய்த பழைய கல்தூணும் அதே வளாகத்தில் நிற்கிறது. ஆக, கீழே வழக்கு, மேலே விளக்கு. நீதிமன்றத்தை எடுத்தால் கலங்கரை விளக்கமும், கலங்கரை விளக்கத்தை எடுத்தால் நீதிமன்றமும் தானாக விழும். எது குறுக்கே வந்தது என்று தீர்ப்புச் சொல்ல அந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் கப்பல் கடலிலிருந்து சுட்டதில் குண்டுகள் அந்தப் பக்கமும் வந்து விழுந்தன. குறுக்கீடுகளின் வரலாற்றில் அது உச்சம்.

கோபுரம் சாய்வது பற்றி. ரிப்பன் மாளிகையை அண்ணாந்து எடுத்தால் மணிக்கூண்டு பின்னால் மல்லாந்து விழுவதுபோல் வரும். கேமராவைச் சாய்க்காமல் எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் போக வேண்டும். ‘பின்னால் போங்கள்’ என்று எல்லாப் பாடநூலும் எழுதுகிறது. பின்னால் இருப்பது பூந்தமல்லி நெடுஞ்சாலை என்பதைப் பாடநூல் எழுதியவர் அறியார்.

வெயில் பற்றி

ரிப்பன் மாளிகை, சென்ட்ரல் இரண்டும் தெற்கு நோக்கியவை. சென்னை நிற்பது 13 பாகை வட அகலாங்கில். அதனால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும். கத்திரி வெயிலில் மண்டை காய நிற்கிறீர்கள்; வெயில் உங்கள்மேல் முழுசாக விழுகிறது, கட்டடத்தின் முகத்தில் விழுவதில்லை. அது நிழலில் சௌகரியமாக நிற்கிறது. மார்கழி, தையில்தான் சூரியன் தெற்கே இறங்கி முகத்துக்கு விளக்குப் பிடிக்கும். தொல்லியல் துறையோ வானியல் துறையோ இதைப் பலகையில் எழுதி வைத்திருக்கலாம். மூன்று மே மாதம் எனக்கு வீணாயின.

காவல் இயல்

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கட்டடத்தைப் படம் எடுப்பதைக் குற்றம் என்று கருதுவதில்லை. இதை மனப்பாடம் செய்துகொண்டு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு செங்கல் கட்டடத்தின் வாசலுக்குப் போனேன்.

“கேமரா அலவுடு இல்ல சார்” என்றார் காவலர்.

“வெளியில நின்னுதானே எடுக்கிறேன்?”

“கேமரா கூடாது சார். போன்ல எடுத்துக்கோங்க.”

“போன்லயும் கேமராதானே இருக்கு?”

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். “அது போன் சார்” என்றார். பிறகு என் நிலையைக் கண்டு இரங்கி, “குடுங்க, நானே உங்களை நிக்கவெச்சு ஒண்ணு எடுக்கிறேன்” என்று என் போனைக் கேட்டு வாங்கி, முன்னால் நிறுத்தி எடுத்தார். கட்டடத்துக்கு வலப்பக்கம், ஒயர் விழாமல், குவிமாடம் தலைக்குமேல் முளைக்காமல், கோடு நேராக. அதைவிடச் சரியான கட்டடப் படம் என்னிடம் இல்லை. அதில் நான் நிற்கிறேன் என்பது ஒன்றே குறை.

இறுதிப் பரிசோதனை

பொங்கலுக்குச் சென்னை ஊருக்குப் போய்விடும். இதை நெடுநாள் யோசிக்காதது என் பிழை. ஒரு மாட்டுப் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு ரிப்பன் மாளிகை முன் போய் நின்றேன். தை மாத வெயில் சாய்வாக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சாலை வெறிச்சென்று கிடந்தது. நடுச்சாலைவரை பின்னால் போய் நின்றேன், ஹாரன் இல்லை. கோபுரம் சாயவில்லை. ஆட்டோ இல்லை, பேனர் இல்லை, ஆள் இல்லை. காகங்களும் எங்கோ மொட்டைமாடிகளில் வைத்த பொங்கலுக்குப் போயிருந்தன. கிளிக். டிரைப் துரைக்கும் இப்படி வாய்த்திருக்காது. மேகம்கூட அளவாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நெறியாளரிடம் காட்டினேன். அவர் கரும்பைக் கடித்துக்கொண்டே பார்த்தார்.

“நல்லாருக்கு. காலண்டர்லேர்ந்தா எடுத்தீங்க?”

“நான் எடுத்ததும்மா. இப்பத்தான்.”

“ஓ” என்றார். விரல் தானாக அடுத்த படத்துக்கு நகர்ந்தது, அதற்கடுத்ததற்கு, பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு படத்தில் நின்றது. லுங்கி, துண்டு, பால் பாக்கெட்.

“இவரு யாருங்க?”

சொன்னேன். சர்வே, மெட்ரோ, வால்டாக்ஸ் ரோடு எல்லாம் சொன்னேன்.

“பாவம், வீடு போயிடுமோன்னு பயந்திருக்காரு. இல்லைன்னு ஒரு வார்த்தை தெளிவா சொல்லக் கூடாதா? பால் வேற வாங்கிட்டு நிக்கிறாரு, வீட்டுல காபிக்குக் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.” இரண்டு விரலால் விரித்துப் பால் பாக்கெட்டைப் பார்த்தார், துளியைப் பார்த்தார், கலைந்த முகத்தைப் பார்த்தார். “இதைப் பெரிசா பிரின்ட் போடுங்க.”

போட்டேன். இப்போது அது கூடத்தில், ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிற உறவினர்கள் காபித் தம்ளருடன் அதன்முன் நின்று, “இவரு உங்க சித்தப்பாதானே? எப்பத் தவறினாரு?” என்று கேட்கிறார்கள். பின்னால் இருக்கும் கட்டடத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. முதலிரண்டு பேருக்கு முழு விளக்கம் சொல்லிப் பார்த்தேன், நேரம் ஆகிறது. இப்போதெல்லாம், நன்றாகத்தான் இருக்கிறார், வால்டாக்ஸ் ரோடில் இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன்.